மணி அடித்த கை

மோந்தெசெர்ராவில் ஃபிலொமேனா லொருஸ்ஸோ என்று கேட்டால் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள். மேனா என்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள். மேனா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் மேல்பேட்டைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கி, கீழ்பேட்டைப் பள்ளி வாசலில் விடுகிறாள். மதியம் அதே பிள்ளைகளை அதே வளைவுகளில் ஏற்றி வருகிறாள். வண்டியில் பாட்டுப் போடுவதில்லை. யாரோடும் வம்புக்குப் போவதில்லை. ஆனாலும் ஊரில் பெரிய பதவியில் இருப்பவர்கள் அவளிடம் ஒரு வாக்குக் கொடுப்பதற்கு முன் எச்சிலை விழுங்கிக்கொள்வார்கள். அதற்குக் காரணம் அவளுடைய பதிமூன்றாவது வயதில் வந்த, ஊர்ப் புனிதர் சான் தொனாத்தோவின் திருவிழா. அதை ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள். மழை பெய்தது என்கிறவர்கள்கூட உண்டு. மழை இல்லை, நல்ல வெயில். நடந்தது இதுதான்.

மேனாவின் அம்மா அசுந்தா மேல்பேட்டைப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். பெருக்குவாள், துடைப்பாள், குளிர்காலத்தில் கொதிகலனை உதைத்துக் கிளப்புவாள், பாடவேளை முடிந்தால் மணி அடிப்பாள். அப்பா வடக்கே தூரின் நகரத்தில் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆகஸ்டு விடுமுறைக்கு வருவார். ஒரு ஆகஸ்டில் வரவில்லை. அடுத்த ஆகஸ்டிலும் வரவில்லை. அதற்கு மேல் அசுந்தா நாட்காட்டியைப் பார்க்கவில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு படிக்கட்டுத்தான். மேனாவுக்கு அந்த மஞ்சள் கட்டடம் வீட்டின் இன்னொரு அறை மாதிரி.

ஊரின் மேயர் எர்மீனியோ தெ பால்மா. தொழிலால் பல் டாக்டர். கீழ்பேட்டைச் சதுக்கத்தில் அவருடைய மருத்துவமனை. ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் அவர் கை போயிருக்கிறது. மேனாவுக்கு ஏழு வயதில் கடைவாய்ப் பல்லை அடைத்தவரும் அவர்தான். நாற்காலியைச் சாய்த்துப் போட்டுவிட்டு, "இன்னும் பெரிசா திற. இன்னும் பெரிசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. வலித்தது நினைவில்லை, அந்தக் குரல்தான் நினைவிருந்தது.

மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு நகர மன்றம் உண்டு. வகுப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு குட்டி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். பள்ளிக்கூடங்களுக்கு என்ன வேண்டும், பணத்தை எதில் போடலாம் என்று நகராட்சிக்கு யோசனை சொல்வது அவர்கள் வேலை. அந்த நவம்பரில் மேனா ஜெயித்தாள். "வகுப்பில் மேல்கோட்டைக் கழற்ற முடிகிற அளவுக்காவது சூடு வேண்டும்" என்ற ஒன்றைத்தான் அவள் கேட்டிருந்தாள். அதற்கு மேல்பேட்டையும் கை தூக்கியது, கீழ்பேட்டையும் கை தூக்கியது. மேயர்கள் அணியும் மூவர்ணப் பட்டையை மேயர் தன் கையாலேயே அவள் தோளில் மாட்டிவிட்டார். பெரியவர்களுக்குத் தைத்த பட்டை, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அசுந்தா முதுகுப்பக்கம் மடித்து ஊக்குக் குத்தினாள். அன்று இரவு வீட்டில் வறுத்த சிவப்பு மிளகாயும் முட்டையும். மகளைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகள் உண்மையாகவே வேலை செய்தார்கள். சனிக்கிழமைகளில் இரண்டு பள்ளிக்கும் போனார்கள். எந்தச் சன்னல் மூடவில்லை, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பார்த்தார்கள். பிப்ரவரியில் மேயர் அவர்களை நகர மன்றக் கூடத்துக்கு அழைத்தார். பெரியவர்களின் தோல் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கால் தரையில் படவில்லை. படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார்.

"சரி, என் சக உறுப்பினர்களே" என்றார் மேயர். பிள்ளைகள் சிரித்தார்கள். "பட்ஜெட் போடப் போறேன். உங்க கனவுப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும்? கூச்சப்படாம சொல்லுங்க."

"ராத்திரிலகூட ஆடுற மாதிரி விளக்குப் போட்ட கால்பந்து மைதானம்!" என்றான் கீழ்பேட்டை ரேமோ.

"உனக்குப் பகல்லயே கோல் விழாது, ராத்திரில எதுக்குடா?" என்றாள் ஒருத்தி.

சூடான மதியச் சாப்பாடு, நூலகம், கணினிகள், மேல்கோட்டுப் போடாமல் உட்காரக்கூடிய வகுப்பு. எல்லாவற்றையும் மேயர் பலகையில் எழுதினார். பிறகு திரும்பி நின்றார்.

"இதெல்லாம் ஒரே இடத்துல கிடைச்சா? மேல்பேட்டை, கீழ்பேட்டைன்னு பிரிஞ்சு கிடக்காம, எல்லாரும் சேர்ந்து அனுபவிக்கிற மாதிரி? யாரெல்லாம் சம்மதம்?"

எல்லாக் கையும் உயர்ந்தது. குட்டி மேயர் என்பதால் மேனா இரண்டு கையையும் தூக்கினாள். அந்த நேரத்தில் படம் எடுத்தார்கள்.

மார்ச்சில் நகர மன்றம் முடிவெடுத்தது. மேல்பேட்டைப் பள்ளி மூடப்படும், பிள்ளைகள் செப்டம்பரிலிருந்து கீழ்பேட்டைக்குப் போவார்கள், "பிள்ளைகள் மன்றத்தின் ஒருமனதான பரிந்துரைப்படி". மறுநாள் ஊர்ச் சுவரெல்லாம் சுவரொட்டி. மேனா பட்டையோடு இரண்டு கையையும் தூக்கி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: "அவர்களே கேட்டார்கள்."

அசுந்தா சுவரொட்டியின் முன் வாளியோடு நின்றாள். பள்ளி வாசலை ஒட்டிய சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள்.

"நீதானே கையைத் தூக்கினே?"

"ஆமாம்மா. ஆனா இதுக்கில்ல."

"எதுக்குன்னு எவடி கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை. ரொட்டிக்கடை மிக்கேலினா ரொட்டியைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துத் தள்ளினாள். மேனாவோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். புனிதரின் சிலையைச் சுமக்கும் ஆட்களின் தலைவர் கானியோ, கல் உடைக்கும் தொழிலாளி, மேல்பேட்டையின் வாய், தெருவில் அவளைப் பார்த்தால் சத்தமாகச் சொல்வார்: "வழி விடுங்கப்பா, மேயரம்மா வர்றாங்க. நம்ம வீட்டையும் மூடச் சொல்லிக் கை தூக்கிடப் போறாங்க." பணி மூப்பு இல்லாததால் அசுந்தாவைப் பள்ளத்தாக்குக்கு அப்பால் இன்னொரு ஊருக்கு மாற்றினார்கள். விடியுமுன் ஒரு பேருந்து, இருட்டிய பிறகு ஒரு பேருந்து. அவள் மகளிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் மேனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் மேனா தனியாக மலையிறங்கி மேயரின் மருத்துவமனைக்குப் போனாள். நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தவர், உதவிக்கு இருந்த பெண்ணைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"பாரும்மா, நம்ம குட்டி மேயர் பெரிய மேயர் மேல புகார் குடுக்க வந்திருக்காங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நாங்க பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லல டாக்டர். நாங்க அப்படிச் சொன்னதா நீங்க எழுதிட்டீங்க. இல்லன்னு சொல்லிடுங்க. சுவரொட்டில போட்டா போதும்."

"கை தூக்கினது யாரு? நானா?"

"நீங்க கேட்டது வேற."

"பாப்பா, நான் பொய் எதுவும் சொல்லலையே. நீங்க சம்மதம்னீங்க, நான் சம்மதம்னு எழுதினேன். அரசியல்னா இப்படித்தான். பெரியவளானா புரியும்." மேசை இழுப்பறையைத் திறந்து, ஊர்ச் சின்னம் பதித்த ஒரு புதுப் பல் துலக்கியை எடுத்து அவள் கையில் வைத்தார். "இந்தா. கோபத்துல பல்லைக் கடிக்காத. எனாமல் போயிடும்."

மறுபடியும் சிரிப்பு. இந்தமுறை அதிக நேரம் சிரித்தார்கள்.

மேனா மேல்பேட்டைக்கு நடந்தே ஏறினாள். அழுதாள் என்று பிற்பாடு சொன்னவர்கள் அவளை அறியாதவர்கள். வரும் வழியில் அவள் ஒரு கணக்கை முடித்துக்கொண்டாள். பள்ளி திரும்ப வராது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மனிதரின் வாயிலிருந்து, ஊர் முழுவதும் கேட்கும்படி, "பிள்ளைகள் கேட்கவில்லை" என்ற சொல் வெளியே வர வேண்டும். அதைப் பிடுங்கி எடுக்க வேண்டும், வேர் அறாமல். எப்படி என்று அப்போது தெரியவில்லை.

வழியைக் காட்டியவர் மேயரேதான்.

சான் தொனாத்தோவின் சிலை ஆகஸ்டு ஏழாம் தேதி மாலை கீழ்பேட்டைக் கோயிலிலிருந்து கிளம்பி மேல்பேட்டைக்கு ஏறும். கனத்த மரச்சிலை. சுமப்பவர்களுக்கு முன்னால் ஒருவர் கைமணியோடு நடப்பார். மணி அடித்தால் நுனி கவட்டையான கவைக்கோல்களை ஊன்றி, சிலையை அவற்றின்மேல் இறக்கி நிறுத்துவார்கள். மறுபடி அடித்தால் தூக்குவார்கள். நிறுத்திய கைதான் கிளப்ப வேண்டும். வேறு கை அடித்தால் தூக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் இரண்டு பேர் மாறி மாறி அடித்து, பாதிப் பேர் தூக்கப் பாதிப் பேர் இறக்க, சிலை சரிந்து ஒருவர் பாதம் நசுங்கிவிட்டது. அதிலிருந்து இந்த வழக்கம். இதில் பேரம் கிடையாது.

மணி எப்போதும் மேயர் கையில்தான் இருக்கும். தெ பால்மா பதவிக்கு வந்த முதல் ஆண்டு, புனிதரைத் தன் பல் மருத்துவமனை வாசலில் நிறுத்தினார். ஊர் சிரித்த சிரிப்பில் அவர் இரண்டு வாரம் சதுக்கத்தில் காப்பி குடிக்க வரவில்லை. "சான் தொனாத்தோவுக்கு எந்தப் பல் ஆடுதாம்?" என்று கேட்டார்கள். அதைக் கழுவத்தான் அடுத்த ஆண்டு ஒரு யோசனை செய்தார்: மணியைக் குட்டி மேயரிடம் கொடுத்துவிட்டார். எதிர்காலம் இளையவர்கள் கையில் என்றார். படம் நன்றாக வந்தது.

மே மாதம் ஒரு மரம் நடு விழாவில் அவர் மேனாவின் தலையைத் தடவினார். "ஆகஸ்டு ஏழாம் தேதி மணி உன் கையிலதான், பாப்பா. பட்டையைத் தேய்ச்சு வச்சுக்கோ."

மேனா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். சுவரொட்டியில் இருந்த அதே சிரிப்பு.

அதன் பிறகு ஆகஸ்டுவரை அவள் ஒரு விழாவையும் விடவில்லை. புதுக் குழாய்த் திறப்பு, முதியோர் இல்ல மதிய உணவு, கால்பந்து மைதானத்துக்கு விளக்குக் கம்பம் நடும் சடங்கு, எல்லாவற்றிலும் பட்டையோடு மேயர் பக்கத்தில் நின்றாள். மலர்க்கொத்துக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். மேயர் எல்லாரிடமும் சொன்னார்: "தங்கமான பிள்ளை. ஆரம்பத்துல கொஞ்சம் முறைச்சா. இப்ப சரியாயிட்டா."

மேல்பேட்டையில் அது வேறு மாதிரி கேட்டது.

"விலை போயிட்டா" என்றாள் மிக்கேலினா, மேனா கடையில் நிற்கும்போதே.

ஜூலையில் ஒரு மாலை, பேருந்திலிருந்து இறங்கி வந்த அசுந்தா காலணியைக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். "அந்தப் பட்டையைக் கழட்டி எறிடி."

"முடியாதும்மா."

"பஸ்ல என்ன பேசுறாங்க தெரியுமா? வேலையைப் பறிச்சவன் பின்னால என் பொண்ணு பூத்தட்டு தூக்கிட்டுப் போறாளாம். ராஜினாமா பண்ணு. முகத்துல விட்டெறி. நாளைக்கே எல்லாரும் உன்கிட்ட பேசுவாங்க."

அது உண்மை. மேனாவுக்கும் தெரியும். பட்டையை எறிந்தால் மறுநாளே அவள் மேல்பேட்டைப் பிள்ளை ஆகிவிடலாம். ஆனால் மணி போய்விடும்.

"ஆகஸ்டு முடியட்டும்மா."

"ஆகஸ்டுல என்ன இருக்கு?"

மேனா சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அது மிக்கேலினாவுக்குப் போகும், அங்கிருந்து கானியோவுக்குப் போகும், கானியோவின் வாயில் போனது கீழ்பேட்டைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. அசுந்தா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அன்றிலிருந்து ஊக்குக் குத்திவிடவில்லை. மேனா தானே கையைப் பின்னால் வளைத்துக் குத்திக்கொள்ளப் பழகினாள்.

ஆகஸ்டு ஏழு. வாத்தியக்குழு, வெள்ளை உடையில் சுமப்பவர்கள், குருவானவர் எஜீதியோ, அவருக்குப் பின்னால் தோளில் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுமக்கும் கோயில்பிள்ளை, கறுப்புக் கம்பளிக் கோட்டில் பட்டையோடு மேயர், அவர் பக்கத்தில் மாகாணத் தலைநகரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர். எல்லாருக்கும் முன்னால் மேனா, கையில் மணி. வழக்கமான நிறுத்தங்களில் நிறுத்தினாள். சதுக்கம், போர் நினைவுத்தூண், நீரூற்று. தவறில்லாமல் அடித்தாள். மேயர் விருந்தாளியிடம் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டினார்.

மேல்பேட்டைக்குள் நுழையும் கடைசி வளைவுதான் பாதையிலேயே செங்குத்தானது. நிழல் கிடையாது. மேற்குச் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். அங்கே யாரும் எந்தக் காலத்திலும் சிலையை நிறுத்தியதில்லை. அந்த வளைவில்தான் மஞ்சள் பள்ளிக்கூடம். கதவில் சங்கிலி போட்டிருந்தது. பக்கத்துச் சுவரில் சுவரொட்டி வெயிலில் வெளிறி, கைகள் மட்டும் தெரிந்தன.

மேனா மணி அடித்தாள்.

சுமப்பவர்கள் திகைத்தார்கள். ஆனால் மணி மணிதான். கானியோ உறுமினார், கவைக்கோல்கள் ஊன்றப்பட்டன, சிலை இறங்கியது. வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக டிரம்பெட்டுக்காரர் நிறுத்தினார்.

"ஏ புள்ள, இங்க எவன் நிறுத்துவான்? சரிவுல கால் வழுக்குது" என்றார் கானியோ.

மேனா மணியின் நாக்கை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். மேயர் புன்னகையோடு முன்னால் வந்தார்.

"இங்க இல்ல பாப்பா. தப்பா நிறுத்திட்ட. அடி, அடி."

"தப்பா நிறுத்தல டாக்டர்."

"என்ன?"

"நாங்க கேட்டோமா?"

மேயரின் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆபீசுக்கு வா. பேசலாம்."

"ஏப்ரல்ல வந்தேன். பிரஷ் குடுத்தீங்க."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேயர் கையை நீட்டி மணியைப் பிடித்தார். மேனா விட்டுவிட்டாள். அவர் ஓங்கி அடித்தார். மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. சுமப்பவர்கள் யாரும் அசையவில்லை. கானியோவைப் பார்த்தார்கள்.

கானியோ மேனாவைப் பார்த்தார். சங்கிலி போட்ட கதவைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவர் முகத்தில் ஏதோ மெல்ல விரிந்தது.

"அந்தக் கை நிறுத்திச்சு" என்றார். "அந்தக் கைதான் கிளப்பணும். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க மேயர்? யார் பாதமாவது நசுங்கினா நீங்களா சுமப்பீங்க?"

மேயர் மணியைத் திருப்பிக் கொடுத்தார். கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து வியர்வை காலர்வரை ஏறியிருந்தது. விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே வளைவுவரை கூட்டம் நின்றது. முன்னால் நடப்பதைப் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்திட்டா." "யாரு?" "அசுந்தா மக." "எதுக்கு?" "அவங்க கேக்கலையாம்."

மேயர் அவள் காதருகே குனிந்தார். பல் வைத்தியர்களின் மென்மையான குரல் அது.

"உங்க அம்மாவைத் திரும்ப இந்த ஊருக்கே கொண்டு வர்றேன். செப்டம்பர்லயே. என் வார்த்தை. அடி."

விடியுமுன் காலணி தேடும் அம்மாவின் சத்தம் மேனாவின் காதில் கேட்டது. இது அவள் கணக்கில் இல்லாத ஒன்று. கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். அசுந்தா மிக்கேலினாவுக்குப் பின்னால், கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி நின்றாள்.

மேனா குரலை உயர்த்தினாள். "எங்க அம்மாவுக்கு வேலையைத் திருப்பித் தர்றாராம்! நான் பேசாம மணி அடிச்சா!"

எல்லாத் தலையும் அசுந்தாவின் பக்கம் திரும்பியது. மகள் ஒரு வாய் வார்த்தையில் எதை எறிந்துவிட்டாள் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. பிறகு அவள் மிக்கேலினாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு பஸ் பழகிடுச்சு டாக்டர்!" என்று கத்தினாள். "நீங்க வாயைத் திறங்க!"

மேல்பேட்டை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கீழ்பேட்டைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரேமோ கூட்டத்திலிருந்து கத்தினான்: "நாங்க மைதானம்தான் கேட்டோம் டாக்டர்! பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லல!" பிள்ளைகள் மன்றத்தின் மற்றவர்களும் அங்கங்கே நின்று கத்தத் தொடங்கினார்கள்.

குருவானவர் எஜீதியோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எர்மீனியோ, பிள்ளை ஒரு வாக்கியம்தான் கேக்குது. சொல்லிடுங்க. புனிதர் வெயில்ல நிக்கிறார்." கோயில்பிள்ளையிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கி நீட்டினார்.

மேயர் அதை வாங்கினார். சுற்றிலும் பார்த்தார். போக வழியில்லை. முன்னால் சிலை, பின்னால் ஊர். உதட்டோரமாக ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றாள் மேனா.

"பிள்ளைங்க கேக்கல..."

"இன்னும் பெரிசா."

அவர் அவளைப் பார்த்தார்.

"இன்னும் பெரிசா வாயைத் திறங்க டாக்டர்" என்றாள் மேனா. "அப்பதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

"பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிப் பிள்ளைங்க கேக்கல!" ஒலிபெருக்கி கீச்சிட்டது. "நான்தான் முடிவு பண்ணேன்! அவங்க பேரைப் போட்டது நான்தான்!"

அவரை ஐந்தாறு முறை சொல்ல வைத்தாள் என்று இன்று சொல்கிறார்கள். மூன்று முறைதான். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்தது. மேனா உடனே அடிக்கவில்லை. சுவரொட்டியிடம் போனாள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, மேலிருந்து கீழாகக் கிழித்து, நான்காக மடித்து மேயரின் கோட்டுப்பையில் செருகினாள். பிறகு தன் இடத்துக்கு வந்து நின்று மணி அடித்தாள். கானியோ, "தூக்கு!" என்று கத்திய கத்தல் அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு முன் யாரும் கேட்டிராதது.

ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அசுந்தா மகளின் முதுகுப்பக்க ஊக்கைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டே அவள் தலையில் ஓங்கி ஒரு குட்டுக் குட்டினாள்.

"எதுக்கும்மா?"

"ஜூலைலயே சொல்லியிருக்கலாம்ல, கழுதை."

மறுநாள் காலையில் மிக்கேலினா ரொட்டியைக் கையில் கொடுத்தாள். மேனா அதை மேசையில் வைத்து, மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு ஆண்டுகள் அப்படியே செய்தாள்.

பள்ளி திறக்கவில்லை. தெ பால்மா அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். கீழ்பேட்டையில் வாக்கு அதிகம், மைதானத்து விளக்குகளும் எரிந்தன. அசுந்தாவுக்கு மாற்றல் கிடைக்கவே இல்லை. ஓய்வு பெறும்வரை அதே பேருந்து. பிள்ளைகளிடமிருந்து மணியைப் பிடுங்கி மேயர் திரும்பத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் மறு ஆண்டு ஆகஸ்டு ஏழாம் தேதி, அந்த வளைவில் மணி அடிக்காமலே சிலை நின்றது. கவைக்கோல்கள் ஊன்றப்பட்டன. மேயர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"நான் அடிக்கலையே கானியோ."

"தெரியும் மேயர். இந்த இடம் வேற கையோடது."

சுமப்பவர்கள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மேனா பள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பட்டை இல்லை, மணி இல்லை. கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. மேயர் வெயிலில் நின்றார். அவளுக்குப் போதும் என்று தோன்றியபோது கையைத் தூக்கினாள். சிலை கிளம்பியது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அவர் பதவியில் இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் கம்பளிக் கோட்டில் அங்கே நின்றார். அவருக்குப் பிறகு வந்த மேயர்களும் நிற்கிறார்கள். பாதையை மாற்றிப் பார்த்தார்கள், சுமப்பவர்கள் மறுத்துவிட்டார்கள்.

மேனா படித்து முடித்து, தூரினுக்குப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். பள்ளிப் பேருந்துக்கு ஆள் கேட்டபோது விண்ணப்பித்தாள். ஊர்ச் சின்னம் பதித்த பல் துலக்கி இன்னும் அவளிடம் இருக்கிறது. சக்கரத் திருகாணிகளில் அடையும் சேற்றை அதை வைத்துத்தான் சுரண்டுகிறாள். அதன் நார்கள் பாதி உதிர்ந்துவிட்டன. வேறு வாங்கவில்லை.

போன ஆகஸ்டில் தெ பால்மா வளைவுக்கு வந்திருந்தார். பதவி போய்ப் பல ஆண்டுகள். மருத்துவமனையை விற்றுவிட்டார், கைத்தடி வைத்திருக்கிறார். ஊர்வலத்தோடு வராமல் முன்பே மேலே ஏறி வந்து, சுவரோரம் மேனாவின் பக்கத்தில் நின்றார். சிலை வந்தது, நின்றது. கானியோவின் இடத்தில் இப்போது அவர் மருமகன். அவனும் திரும்பி மேனாவைப் பார்த்தான்.

கிழவர் மூச்சு வாங்கினார். வெயில் முகத்தில் அடித்தது.

"போதுமா மேனா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இத்தனை வருஷமாச்சு."

மேனா அவரைப் பார்க்கவில்லை. சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த பேருந்துக்குப் போனாள். பின்கதவைத் திறந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்தாள். கிழவர் அதைப் பார்த்துக் கைத்தடியைத் தளர்த்தினார். அவள் அவரைக் கடந்து போய், எதிர்ப்பக்கம் நின்ற அசுந்தாவுக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, அம்மாவை உட்கார வைத்தாள். தன் கழுத்துத் துணியை அம்மாவின் தலையில் வெயிலுக்குப் போட்டுவிட்டாள்.

பிறகு தன் இடத்துக்கு நடந்து வந்தாள். சாவகாசமாகத்தான் வந்தாள். சுவரில் சாய்ந்தாள். கிழவரின் மூச்சு அவளுக்குக் கேட்டது. இன்னும் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.